நாலு முழம்

கூலிக்கு ஒப்பாரி வைக்க வந்த மைமூனா ஓவென்று குரலெடுத்ததும், கல்ஃபோன் ஒற்றைச் செருப்போடு தங்கையின் அறையிலிருந்து முற்றத்துக்குப் பாய்ந்தான். வழியில் தண்ணீர்ச் சாடி உருண்டது.

"நான் இன்னும் போகலை அண்ணே," என்றாள் உள்ளேயிருந்து துர்ஃபா. "ஏ மைமூனா, தொண்டையைச் சரிபாக்கறதுன்னா தெருவுல போய்ப் பாரு."

கல்ஃபோன் யூதரில் ஆசாரியக் குலத்தான். பிணம் கிடக்கிற கூரைக்கடியில் அவன் நிற்கக் கூடாது. பெற்றோர், மனைவி, பிள்ளை, சகோதரன், கட்டிக்கொடுக்காத தங்கை என்றால் விலக்கு உண்டு. துர்ஃபாவைத்தான் கட்டிக்கொடுத்து இருபத்தாறு வருஷமாகிறதே.

"இந்த மனுஷனைக் கட்டாம இருந்திருந்தா நீ என்னைத் தோள்ல தூக்கியிருக்கலாம்," என்றாள்.

"வேணும்னா இப்பவே விவாகரத்து எழுதித் தர்றேன்," என்றான் கணவன் மக்லூஃப். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

"அதையும் கேட்டாச்சு மாப்பிள்ளே," என்றான் கல்ஃபோன்.

நிஜமாகவே கேட்டிருந்தான். புஸ்தாத் நகரக் கடைத்தெருவில் அவனிடம் பேரம் பேசி ஜெயித்த ஆள் கிடையாது. ஏமனிலிருந்து வரும் வாசனைச் சரக்கையே பாதி விலைக்குப் படிய வைப்பவன், சட்டத்தையும் படிய வைக்கலாம் என்ற தைரியத்தில் காலையிலேயே நீதிபதி வீட்டுக் கதவைத் தட்டினான். விவாகரத்து, வேறு கூரை, கூரையில் ஓட்டை என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். கிழவர் ஒவ்வொன்றுக்கும் முடியாதென்று தலையை ஆட்டினார். கடைசியில், "வெட்டவெளியில, பாடையிலேர்ந்து நாலு முழம் தள்ளி நடந்து வா. அதுக்கு மேல ஒரு விரல்கூடக் குறைக்க மாட்டேன்," என்று முடித்துவிட்டார்.

"நாலு முழமா?" துர்ஃபாவின் கண் மின்னியது. "யார் கை முழம்னு சொன்னாரா?"

"சொல்லலை."

"கேக்காம வந்தியே, நீயெல்லாம் வியாபாரி!"

வீடுவீடாகப் போய்ப் பெண்களுக்குப் பட்டுக்கயிறு விற்றவள் அவள். அளப்பது தன் கையால்தான். அந்த முழம் ஊர் முழத்தைவிட இரண்டு விரற்கடை குறைச்சல் என்பது ஊருக்கே தெரியும். கேட்டால், "என் சரக்கு, என் கை. பிடிக்கலைன்னா நீளக்கைக்காரியாப் பாத்து வாங்கிக்க," என்பாள். ஆனாலும் அவளிடம்தான் வாங்கினார்கள்.

மக்லூஃப் நீலக் கயிறு எடுத்துக் கொடுத்தான். முழங்கையைத் தலையணையில் ஊன்றி, விரல்நுனிவரை கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். ஒன்று. இரண்டு. மூன்றாவதுக்கு வெகுநேரம் பிடித்தது. வாசற்படிக்கு வெளியே நின்ற கல்ஃபோன் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். நாலாவது முடிச்சைப் பல்லால் இறுக்கி, கயிற்றை அவன் பக்கம் எறிந்தாள்.

"இனி உள்ள வராதே. அடுத்த தடவை மைமூனா பொய் சொல்ல மாட்டா."

அவள் சொன்னபடியே ஆயிற்று. மதியம் சாய்வதற்குள் பாடை தெருவில் இறங்கியது. பின்கம்பைப் பிடித்திருந்த மக்லூஃபின் கையில் கயிற்றின் ஒரு நுனி, மறுநுனி கல்ஃபோனிடம். நீதிபதி கயிற்றைப் பார்த்தார். முடிச்சுகளைப் பார்த்தார். அவர் மனைவிக்கும் துர்ஃபாதான் பட்டுக்கயிறு விற்றவள்.

"ஐயா, நாலு முழம்," என்றான் கல்ஃபோன். குரலில் அசைவில்லை.

"எண்ணிட்டேன்," என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

இடுகாட்டு மதில் வந்தது; அதற்குள் அவன் குலத்தார் நுழையக் கூடாது. கல்ஃபோனின் கால் நின்றது, பாடை நிற்கவில்லை. கயிறு விறைத்தது. மக்லூஃப் ஒருமுறை திரும்பிப் பார்த்தான், பிறகு நுனியை விட்டான்.

மண்ணில் விழுந்ததை இழுத்து, கல்ஃபோன் தன் முழங்கையிலிருந்து அளந்து சுற்றத் தொடங்கினான். முதல் முடிச்சு அவன் விரல்நுனிக்கு இரண்டு விரற்கடை இப்பாலேயே நின்றது. கயிற்றை அவிழ்த்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து அளந்தான்.