குளிர்க்கோபம்

ஏழாம் நம்பர் வண்டியின் டிரைவருக்குக் கோபம் வந்தால் வண்டியிலிருந்த பாட்டில்கள் குளிர்ந்தன. மற்றவர்களுக்கு ரத்தம் கொதிக்கும்; அவருக்கு எதிர்மாறாக நடந்தது, அவ்வளவுதான். முதல் முறை நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரைக்கு. நான்கு மாடி அலுவலகம் ஒன்றில், லிஃப்ட் ஆட்களுக்குத்தான், சரக்குக்கு இல்லை என்று காவலாளி மறித்துவிட்டார். டிரைவர் சோடாவும் பழச்சாறும் நிறைந்த பன்னிரண்டு கிரேட்டுகளை ஒவ்வொன்றாகத் தோளில் ஏற்றி உச்சி மாடிக்குக் கொண்டுபோனார். பன்னிரண்டாவதை இறக்கி வைத்தபோது அங்கிருந்த அம்மாள் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமலே, கேட்டது ஆரஞ்சு, வந்திருப்பது எலுமிச்சை, எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். டிரைவர் அத்தனையையும் திரும்ப இறக்கிக்கொண்டு வந்து கதவைத் திறந்தால், உள்ளே மீதியிருந்த பாட்டில்கள் பனி பூத்து வெள்ளை வெளேரென்று நின்றன. வண்டியின் குளிர்பதன மிஷின் பழுதாகி அன்றோடு இரண்டு வாரம். அடுத்த கடைக்காரர் ஒரு பாட்டிலை எடுத்துக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்துவிட்டு, இன்றைக்குத்தான் உருப்படியாகக் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்றார்.

கிடங்கு மேனேஜர் காதுக்கு விஷயம் நான்கே நாளில் போய்ச் சேர்ந்தது. அவர் ஆச்சரியப்படவில்லை. வண்டிக்குள் ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டார், டிரைவரை அறைக்குக் கூப்பிட்டுக் காரணமில்லாமல் பத்து நிமிடம் திட்டினார், போய்ப் பார்த்தார். முள் பூஜ்யத்துக்குக் கீழே கிடந்தது. மறுநாளே பழுதான மிஷினைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. தினமும் திட்ட அவருக்கு நேரமில்லாததால், அதற்கென்றே ஓர் ஆளை வேலைக்கு எடுத்தார்கள். பதிவேட்டில் அந்த ஆளின் பதவி ஊக்க அலுவலர். கிடங்கில் எல்லோருக்கும் அவர் திட்டுக்காரர். மூச்சிரைப்பு உள்ள சாது மனிதர். காலை ஏழே காலுக்குச் சரக்கு ஏறி முடிந்ததும் டிரைவரின் எதிரே வந்து நின்று, தாளைப் பார்த்து வாசிப்பார்: நடை ஆமை நடை, மூளை வாடகைக்கு விட்ட மூளை, பெற்றவர்களுக்கு வேறு வேலை இருந்திருக்கலாம். வாசித்து முடித்ததும் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "டீ குடிச்சிட்டுப் போங்கண்ணே" என்பார்.

இப்படி மூன்று வருடம் ஓடியது. அந்தப் பகுதியில் ஏழாம் நம்பர் வண்டிச் சரக்குக்குத்தான் கிராக்கி. கோடையில் டிரைவருக்கு விடுப்பு கிடையாது. மகள் நர்சிங் பரீட்சையில் பாஸானதாகச் செய்தி வந்த அன்று பாட்டில்கள் வெதுவெதுவென்று கிடக்க, அனுமதியின்றி மகிழ்ச்சியாக இருந்ததற்கு விளக்கம் கேட்டு மேனேஜர் மெமோ கொடுத்தார். அதைப் படித்து மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை விட்டு வந்தாலும் கோபம் சட்டையைப் போலக் கழற்ற வராததால், அவர் தொட்ட தட்டில் சோறு ஆறிப்போனது, தண்ணீர் விறைத்தது. கொஞ்சம் சூடு ஏறட்டும் என்று மாடிப்படியிலேயே அரை மணி உட்கார்ந்துவிட்டுத்தான் உள்ளே போவார். ஒருநாள் மனைவி கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "உள்ள வாங்க. குளிர்னா குளிர். ஸ்வெட்டர் எதுக்கு இருக்கு?" என்றாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் சித்திரை வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள்.

நான்காம் வருடக் கோடையில் மனைவிக்குப் பித்தப்பையில் கல் என்று சொல்லி, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அந்த ஒரு நாளுக்கு விடுப்பு கேட்டு எட்டு நாள் முன்னதாகவே எழுதிக் கொடுத்தார். மேனேஜர் தாளைத் திருப்பித் தள்ளினார். "வெட்டப் போறது டாக்டரு. நீ அங்க போய் என்ன கிழிக்கப் போற?" என்றவர், தெர்மாமீட்டர் ஞாபகம் வந்தவராக, "நல்லது. இந்தக் கோபத்தை வியாழக்கிழமை வரைக்கும் வச்சிரு" என்றார்.

வியாழன் காலை ஏழே காலுக்குத் திட்டுக்காரர் கையில் புதுத் தாள் ஒன்று இருந்தது. மேனேஜரே கைப்பட எழுதியது, எல்லாம் டிரைவரின் மனைவியைப் பற்றி. முதல் வரியை மனசுக்குள் படித்தார், இரண்டாவதைப் படித்தார், பிறகு தாளைக் கீழே போட்டார். "என்னால முடியாதுண்ணே. இதுக்கு நான் பிச்சை எடுக்கலாம்." சொல்லும்போதே அவர் வாயிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. பக்கத்தில் நின்ற மூன்றாம் நம்பர் டிரைவர் குனிந்து தாளை எடுத்துப் படித்தார். அவர் வண்டியின் கண்ணாடி பனி பிடித்தது. தாள் கை மாறிக் கை மாறிப் போனது. சுமை ஏற்றுகிறவர்கள், பாட்டில் கழுவுகிற பெண்கள், கணக்குப்பிள்ளை என்று படித்தவர்கள் பக்கத்திலெல்லாம் கிரேட்டுகள் வெடவெடத்து, பாட்டில்கள் படார் படாரென்று வெடித்தன. கூரையிலிருந்து முழ நீளத்துக்குப் பனி இறங்கியது. மேனேஜர் வெளியே வரப் பார்த்தார். அவர் அறைக் கதவு நிலையோடு சேர்ந்து உறைந்துவிட்டது. உள்ளேயிருந்து கத்தினார். யாருக்கும் அவசரமில்லை.

டிரைவர் அந்தக் கதவருகே போய் நின்று, மூன்று வருடத்தில் முதல் தடவையாக எதிர்த்து வாயைத் திறந்தார். "நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். உங்ககிட்ட கேக்கல, சொல்றேன்." ஏழாம் நம்பர் வண்டியைச் சரக்கோடு எடுத்துக்கொண்டு கிளம்பினார். மேனேஜரைக் கடப்பாரை போட்டு வெளியே எடுக்க மதியம் ஆனது. பனி முழுக்க உருகப் பதினோரு நாள் பிடித்தது. கம்பெனி எல்லா வண்டிக்கும் புது மிஷின் மாட்டியது, விடுப்புத் தாளில் அன்றன்றே கையெழுத்துப் போட வேறு மேனேஜரை அனுப்பியது, ஊக்க அலுவலர் பதவியை எடுத்துவிட்டது. திட்டுக்காரர் ஒன்பதாம் நம்பர் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார்.

இதெல்லாம் பிறகு. அன்று பகல் இரண்டு மணிக்கு மனைவியை வார்டுக்குக் கொண்டுவந்தபோது அவளுக்கு நல்ல காய்ச்சல். டிரைவர் கட்டிலோரம் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தார், உடனே விட்டார்.

"ஏன் எடுத்துட்டீங்க?"

"கோபம் இன்னும் போகல. ஜில்லுனு இருக்கும்."

"போக வேணாம். நெத்தியில வைங்க."

வைத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வெகுநேரம் அப்படியே இருந்தார். கை சூடேறுவது போலத் தெரிந்தபோதெல்லாம் மேனேஜரின் முகத்தை நினைத்துக்கொண்டார், மறுபடி குளிர்ந்தது. சாயங்காலம் காய்ச்சல் பார்க்க வந்த நர்ஸ் அவர் விரல்களில் பூத்திருந்த பனியைப் பார்த்தார், பக்கத்துக் கட்டிலில் அனத்திக்கொண்டிருந்த பெரியவரைப் பார்த்தார், நாற்காலியை இரண்டு கட்டிலுக்கும் நடுவில் இழுத்துப் போட்டார்.

"ஒரு கைய இந்தப் பக்கமும் வைங்கண்ணே" என்றார்.