மேவிஸ் ஊர் திரும்பாத காரணம்

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நம் கனடா சிப்பாய்களைக் கல்யாணம் கட்டிக்கொண்டு இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த மணப்பெண்களின் கதைகளைப் புத்தகமாகப் போட வேண்டுமாம். எண்பத்தாறில் எங்கள் சர்ச் பெண்கள் சங்கத்துக்கு இப்படி ஓர் ஆசை. கனடாவில், சஸ்காச்சுவான் மாகாணத்தின் இந்தக் கோதுமைக் காட்டில் டைப் அடிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆக, அப்படி வந்த மேவிஸின் கதையை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

மேவிஸின் புருஷன் ஆர்வில் முதலில் எனக்கு நிச்சயமானவன். போர்முனைக்கு வாராவாரம் அவனுக்குக் கடிதம் எழுதியவள் நான். அவன் இங்கிலாந்திலேயே இவளைக் கட்டிக்கொண்டான். இவள் எப்போது மூட்டை கட்டுவாள் என்று காத்திருந்தே எனக்கு நாற்பது வருஷம் போய்விட்டது. போன குளிர்காலத்தில் ஆர்வில் செத்தும் போனான். என் வயிற்றெரிச்சல் மட்டும் சாகவில்லை. இவள் கதையில் எனக்கு ஒரு வரியாவது இருக்குமா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் டேப் ரெக்கார்டரோடு போனேன்.

"தெல்மா, பெரிய பண்ணைன்னு அவர் அளந்துவிட்டார்," என்றாள் மேவிஸ், கப்பலில் வாந்தி எடுத்த கதையை முடித்துவிட்டுத் தேநீரை ஊற்றியபடி. "வந்து பார்த்தா ரெண்டே ரூம். தண்ணிக்குக் கிணறு. கக்கூசுக்குப் பனியில நடக்கணும். மூணாம் நாளே பெட்டியைக் கட்டிட்டேன்."

"அப்புறம் ஏன் போகல?" வெடுக்கென்று கேட்டுவிட்டேன்.

"அவர் கெஞ்சவே இல்ல. ஒரு கட்டுக் கடிதத்தைத் தூக்கி மடியில போட்டார். 'இந்த வீட்டுல தண்ணி இழுக்கவும் ஒருத்தி தயாரா இருந்தா. நீ போறதுன்னா போ'ன்னார். எல்லாம் உன் கடிதம். ஒண்ணு விடாம படிச்சேன். மாட்டுக் கொட்டாயா இருந்தாலும் வந்து குடும்பம் நடத்துவேன்னு எழுதியிருந்தே. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. நான் கிளம்பினா மறுநாளே நீ வந்து உக்காந்துடுவேன்னு, கட்டின பெட்டியைப் பிரிச்சேன்."

அடிப்பாவி! எவள் போக வேண்டும் என்று தினமும் மன்றாடினேனோ, அவளை அந்த வீட்டில் பிடித்து உட்கார வைத்தது என் கடிதமா? என் தலையில் நானேதான் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேனா?

"உன் பேரையே போட்டுடு தெல்மா. நீ இல்லாம என் கதை ஏது?"

ஒரு வரிக்கு ஏங்கி வந்தவளுக்கு முழுக்கதையையும் தூக்கிக் கொடுக்கிறாள். ஊரே படித்துவிட்டுச் சிரிக்கட்டும் என்றா? பதிந்ததெல்லாம் அழியட்டும் என்று டேப்பை முதலுக்குத் திருப்பினேன்.

"சரியா பதியல. கப்பல்ல வாந்தி எடுத்ததுலேருந்து மறுபடி சொல்லு," என்றேன். "பெட்டி கட்டின கதையெல்லாம் வேண்டாம்."