பதினெட்டு டிகிரி

துறைமுகத்தில் அவனை எல்லோரும் ஒயர்காரன் என்றுதான் கூப்பிடுவார்கள். படகில் விளக்கு, பம்பு, ரேடியோ என்று மின்சாரம் ஓடும் எதுவானாலும் அவன் கைதான். அக்கா புருஷன் தன் மீன்பிடிப் படகுக்கு ஆட்டோபைலட் வாங்கியபோது வேறு யாரையும் தேடவில்லை.

"வீட்டுலயே ஆள வச்சுக்கிட்டு வெளிய போவேனா மாப்ள?" என்றார்.

ஆட்டோபைலட் சுக்கானைத் தானே திருப்பும். எந்தத் திசையில் போகிறோம் என்று அதற்குச் சொல்வது உள்ளங்கை அகலத்தில் ஒரு காம்பஸ் டப்பா. பக்கத்தில் இரும்போ மோட்டாரோ இருந்தால் அது பொய் சொல்லும். ஒயர்காரன் அதைக் கேபினில், படுக்கைக்கு அடியில் இருந்த தடுப்புச் சுவரில் திருகி, ஒயரை வரிசையாகக் கிளிப் அடித்து, முன்னால் ஒரு பலகையும் போட்டு மூடினான். பிறகு அலையில்லாத உள்துறையில் படகை மெதுவாக வட்டமடிக்க வைத்தார்கள். அப்படிச் சுற்றும்போதுதான் காம்பஸ், படகில் உள்ள இரும்பையெல்லாம் கணக்கில் எடுத்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும்.

"சுத்தச் சொன்ன, சுத்திட்டேன். இப்ப என் தலைதான் சுத்துது," என்று மச்சான் சிரித்தார்.

திரையில் பிழை பதினெட்டு டிகிரி என்று வந்தது. அவ்வளவு வரக் கூடாது. இடம் சரியில்லை, மாற்று என்று அதற்கு அர்த்தம். மாற்றுவதென்றால் பலகையைக் கழற்றி, கிளிப்பையெல்லாம் பிடுங்கி, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். காலையிலிருந்து குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஓகே பட்டனை அழுத்தினான்.

"எல்லாம் சரியா?"

"சரிதான் மச்சான்."

சில வாரம் கழித்து, மூடுபனி இறங்கிய ஒரு காலையில் படகு பாறையில் மோதியது. மச்சான் ஆட்டோபைலட்டை நம்பி, வலையை ஒதுக்கப் பின்பக்கம் போயிருந்தார். விழுந்த வேகத்தில் வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. வேறொரு படகு வந்து இழுத்துக் கரை சேர்த்தது.

ஆஸ்பத்திரி வராண்டாவில் அக்கா அவனை ஒரு மூலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஒண்ணு சொல்றேன், மச்சான்கிட்ட சொல்லிடாதடா. படகுல ஸ்பானர் பெட்டி கால்ல இடறுதேன்னு படுக்கைக்கு அடியில நான்தான் தள்ளி வச்சேன். இப்பத்தான் ஆட்டோபைலட்டோட வந்த புக்க எடுத்துப் படிச்சேன். காம்பஸ் பக்கத்துல இரும்பே இருக்கக் கூடாதாமே? நானே அவர பாறைக்கு அனுப்பி வச்சிட்டேனேடா."

ஒயர்காரன் வாயைத் திறந்தான். "விடுக்கா, நான் சொல்ல மாட்டேன்" என்றுதான் வந்தது. அவள் அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவனுக்கு உடம்பு கூசியது. அதைவிடக் கேவலம், அந்தக் கூச்சத்துக்கு அடியில் அப்பாடா என்றும் இருந்தது.

பழுதுபார்க்கும் தளத்தில் படகு ஏற்றப்பட்டிருந்தது. அவன் தனியாகப் போய் ஸ்பானர் பெட்டியை வெளியே வைத்துவிட்டு, கைக் காம்பஸைத் தடுப்புச் சுவர் அருகில் கொண்டுபோனான். பெட்டிமேல் பழி போகாதா என்ற நப்பாசைதான். முள் ஒரேயடியாகச் சாய்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் இறைக்கும் பம்பின் மோட்டார். அதைப் பொருத்தியவனும் அவன்தான்.

அதற்கப்புறம் அக்கா வீட்டுக்குப் போவதே தண்டனையாகிவிட்டது. மச்சானுக்கு அவள்தான் ஊட்டிவிட்டாள். அவர் வலியில் முனகும்போதெல்லாம் யாரோ அறைந்த மாதிரி திடுக்கிட்டாள். பாதியாக இளைத்துவிட்டாள்.

"பாறையில மோதினது நானா, இவளா? இவ மூஞ்சியப் பாரு மாப்ள," என்றார் மச்சான்.

அக்கா தட்டை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு அவள் அழுவது அவனுக்குக் கேட்டது.

"மச்சான், படகு பாறைக்குப் போனது என்னாலதான்."

"என்னடா உளர்ற?"

"அன்னைக்குச் சுத்தினோமே, அப்பவே பதினெட்டு டிகிரி தப்புன்னு காட்டுச்சு. திரும்பக் கழட்டணுமேன்னு சோம்பல்பட்டு ஓகே அடிச்சிட்டேன். பக்கத்துலயே பம்பு மோட்டார் இருந்ததையும் கவனிக்கல."

குழாய்ச் சத்தம் நின்றது. அக்கா ஈரக் கையோடு வாசற்படியில் நின்றாள்.

"அப்ப பெட்டி?"

"பெட்டி வைக்கிறதுக்கு முன்னாடியே தப்பாத்தான் இருந்துச்சுக்கா."

"என்ன பெட்டி?" என்றார் மச்சான்.

"ஆஸ்பத்திரியில நான் அழுதப்பவே உனக்குத் தெரியுமா?"

"தப்பு காட்டினது தெரியும்."

அவள் கத்தவில்லை. "நீ வீட்டுக்குப் போ," என்றாள்.

படகு தண்ணீரில் இறங்கியபோது மச்சானே கூப்பிட்டார். வேறு ஆளை வைத்துக்கொள்ளச் சொல்லிப் பார்த்தான். "தப்பு எங்கன்னு தெரிஞ்சவன் நீதான், வா" என்று சொல்லிவிட்டார். காம்பஸை முன்பக்க அலமாரிக்குள், மோட்டாருக்கு எட்டாத இடத்தில் பொருத்தினான். மச்சான் இடது கையால் சுக்கானைப் பிடித்து வட்டமடித்தார். பிழை இரண்டு டிகிரி. திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினான்.

அவர் பார்த்தார். தன் கைக் காம்பஸை எடுத்து அவரே ஒப்பிட்டும் பார்த்தார்.

"இன்னொரு தடவ சுத்தலாம்," என்றார். சிரிக்கவில்லை. சுற்றினார்கள். கரைக்கு வந்து கயிற்றைக் கட்டப் போனபோது அவருடைய வலது விரல்கள் மடங்கவில்லை. அவன் வாங்கிக் கட்டினான்.

அக்கா பேசியது அதற்கும் வெகுநாள் கழித்து. அதுவும் மிக்ஸி ஓடவில்லை என்பதற்காக. அவன் பிரித்து வேலை செய்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். "சரியாயிடுச்சுக்கா," என்று கருவிகளை எடுத்து வைக்கப் போனான்.

"ஓட்டிக் காட்டு," என்றாள்.