வீட்டில் எத்தனை பேர்?

“மூணு பேருதாம்மா. நான், என் மகன், மருமக,” என்றாள் அம்மா, கொஞ்சமும் கூசாமல்.

எச்.ஐ.வி. கணக்கெடுப்புக்கு ரத்தம் எடுக்க வீடு வீடாக வந்த நர்ஸ் அப்படியே எழுதிக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன் பின்வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டான். கல்லூரியில் புள்ளியியல் நடத்தும் அவனுக்கு ‘நம்பர் வாத்தியார்’ என்று பட்டப்பெயர். நாட்டில் எச்.ஐ.வி. இத்தனை பேருக்குத்தான் என்று அரசாங்கம் சொல்லும் கணக்கை நம்ப முடியாது, வீட்டுக்கு வீடு ஆளை மறைக்கிறார்கள் என்று போன மாதம்தான் பேப்பரில் வெளுத்து வாங்கியிருந்தான். அதை எழுதும்போதே, பின்வாசலில் அண்ணிக்குத் தட்டு வைக்கும் சத்தம் அவன் காதில் விழுந்தது. எழுதுவதை நிறுத்தவில்லை.

“சார் எழுதினதைப் படிச்சேன். அதுக்கப்புறம் எல்லா வீட்டுலயும் ரெண்டு தடவை கேக்குறோம்,” என்று சிரித்தாள் நர்ஸ். “வேற யாரும் இல்லையே சார்?”

“இல்ல.”

அண்ணன் எச்.ஐ.வி.யில் செத்தபோது ஊருக்கு மஞ்சள் காமாலை என்று சொன்னார்கள். புருஷன் கொடுத்த நோய்க்குப் பெண்டாட்டியைப் பின்கொட்டகைக்குத் தள்ளினார்கள். தட்டு, தம்ளர், படுக்கை எல்லாம் தனி. தொட்டால் ஒட்டாது என்று வகுப்பில் வாய் கிழியப் பேசுகிறவன்தான் அந்தக் கொட்டகைக்குத் தகரம் வாங்கிப் போட்டான். அம்மா அழுதாள், மனைவி பயந்தாள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். வெட்கம் கெட்ட சமாதானம். அது அவனுக்கே தெரியும்.

பின்வாசலில் நிழலாடியது. அண்ணி நின்றிருந்தாள்.

“என்னை விட்டுட்டீங்களே,” என்றாள் நர்ஸைப் பார்த்து.

அம்மா பதறினாள். “அவ தனிம்மா! கொட்டகையில படுக்கிறா. கதவுகூட வேற. நம்ம வீட்டுக் கணக்குல வரமாட்டா.”

“எங்க படுத்தா என்னம்மா? ஒரே அடுப்புல வெந்ததைச் சாப்பிட்டா ஒரே வீடுதான்,” என்றாள் நர்ஸ். “சார், நீங்களே சொல்லுங்க.”

நம்பர் வாத்தியார் வாயைத் திறந்தான். அம்மாவைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

“அவரை எதுக்கும்மா சங்கடப்படுத்துறீங்க?” என்றாள் அண்ணி. “அடுப்பு ஒண்ணுதான். தட்டுதான் வேற.”

சொல்லிவிட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தாள். காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து விரலை நீட்டினாள். நர்ஸ் மூன்றை அடித்து நான்கு என்று எழுதினாள்.

“ரிசல்ட் வர நாளாகும்க்கா.”

“ரிசல்ட் எனக்குத் தெரியும்மா. ஆளா எண்ணிக்கிட்டீங்கல்ல, அது போதும்.”