மருதுவின் குடலும் ஸ்பெஷல் ஜிகர்தண்டாவும்

என் தங்கச்சி சோணையம்மாளின் புருஷன் மருதுவைப் போல ஒரு கிறுக்கனைச் சமயநல்லூர் வட்டாரத்தில் பார்க்க முடியாது. கல்யாண வீடுகளுக்கு மைக்செட் போடுகிறவன். பல வருடமாகப் பெருங்குடலில் புண். ரத்தம் போனால் மாத்திரை போடுவான், நின்றதும் நிறுத்திவிடுவான்.

மதுரை டாக்டர் அவன் தொழிலை வைத்தே சொன்னார்.

"புண்ணு வந்தா அத ஆத்துறதுக்கு உடம்பு மைக்கப் போட்டு ஆள் கூப்பிடும். ஆறினதும் அணைச்சிரும். உங்களுக்கு அணையவே இல்லை. வலி இல்லாட்டியும் உள்ள சத்தம் ஓடிக்கிட்டே இருக்கு. அந்தச் சத்தத்துல செல்லு கண்டபடி வளரும். அதுல ஒண்ணு தடம் மாறினா புற்றுநோய். கேமரா விட்டுப் பாத்துரணும்."

"எத்தனை வாட்ஸ் செட்டு டாக்டர்?" என்றான் மருது.

குடல் சுத்தமாக இருக்க வேண்டும், முதல் நாள் தண்ணீர் ஆகாரம் மட்டும்தான் என்று நர்ஸ் சொல்லிப் பேதி மருந்தும் கொடுத்தாள். மறுநாள் கேமரா விட்ட டாக்டர் கடுகடுவென்று வெளியே வந்தார். வழவழவென்று என்னவோ அப்பிக்கொண்டு உள்ளே ஒன்றுமே தெரியவில்லையாம்.

"என்னய்யா சாப்பிட்டீங்க?"

"சாப்பிடல டாக்டர், குடிச்சேன். ஜிகர்தண்டா. ஸ்பெஷல். அதுவும் தண்ணி ஆகாரந்தானே?"

கடல்பாசியும் பாலாடையும் ஐஸ்கிரீமும் தண்ணீர் ஆகாரமாம்! ஆஸ்பத்திரி வாசலில் வைத்தே வெளுத்து வாங்கினேன்.

"ஏன் மாப்ள, என் தங்கச்சி வாழ்க்கை உனக்கு விளையாட்டாப் போச்சா?"

அவன் சிரிக்கவில்லை.

"தெரிஞ்சுதான் குடிச்சேன் மச்சான். உள்ள பாத்துட்டு, புத்துநோய் இருக்குன்னு சொல்லிட்டா என்ன செய்ய? பயமா இருக்கு."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. எனக்கும் பயம்தான்.

அடுத்த முறை சோணையம்மாளே காவலுக்கு உட்கார்ந்தாள். பேதி மருந்தைச் சொம்பு சொம்பாக ஊற்றினாள். கக்கூஸ் வாசல் வரைக்கும் கூடவே போனாள். "ஜெயில்ல கூட இம்புட்டு கெடுபிடி இருக்காது மச்சான்" என்று போனில் புலம்பினான்.

இந்தத் தடவை எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. குடலில் சின்னதாக ஒரு வளர்ச்சி. வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை மருது மைக்செட்டைத் தொடவே இல்லை.

"புற்றுநோய் இல்லை" என்றார் டாக்டர். "ஆனா அந்தப் பக்கமாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. முழுசா எடுத்தாச்சு. இன்னுங் கொஞ்ச நாள் விட்டிருந்தா கதையே வேற. இனி வலி இல்லாட்டியும் மாத்திரை போடணும், வருஷம் தவறாம கேமராவும் பாக்கணும்."

சோணையம்மாள் டாக்டர் முன்னாலேயே புருஷன் மண்டையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தாள். அப்புறம் அந்த மண்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஓவென்று அழுதாள். இத்தனை வருடத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.