யாருடைய நுரை

ஆறுமுகநேரியில் பெயிண்டும் பிளம்பிங் சாமானும் விற்கிற பாண்டித்துரைக்குக் கொஞ்ச நாளாக நிம்மதி இல்லை. காலையில் சிறுநீர் கழித்தால் கக்கூஸ் கோப்பையில் நுரை கட்டி நிற்கிறது. தண்ணீர் ஊற்றினாலும் லேசில் போவதில்லை.

முதலில் கக்கூஸ் கழுவுகிற திரவத்தின் மேல்தான் சந்தேகம். அதுவும் அவர் கடைச் சரக்குதான். அதை நிறுத்திவிட்டு, கோப்பையைத் தானே தேய்த்துக் கழுவிப் பார்த்தார். ஒருநாள் நுரை இல்லை, மறுநாள் இருந்தது. கடைக்கு வந்த சொரிமுத்து, "உடம்புச் சூடு அண்ணாச்சி, இளநி குடிங்க" என்றான். மருந்துக்கடைக்காரர் சர்க்கரையாக இருக்கும் என்றார். செல்போனில் தேடினால் கிட்னி பழுது என்று வந்தது. எதை நம்புவதென்று தெரியாமல் காப்பியில் சீனியை நிறுத்தினார், இளநீரையும் குடித்தார்.

கடைசியில் டாக்டரைப் பார்க்கத் தூத்துக்குடிக்குக் கிளம்பியபோது மனைவி முத்துக்கனியையும் கூப்பிட்டார். "தனியாப் போகப் பயமா இருக்குளா."

"முட்டுவலியோட என்னையும் இழுத்துட்டு அலையுங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் பஸ் ஏறினாள்.

டாக்டர் பத்மஜா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "தண்ணி நிறையக் குடிப்பீங்களா அண்ணாச்சி?"

"கடைய விட்டு எந்திரிக்க முடியாதுல்லா. அதனால குடிக்கதே கம்மி. வந்தாலும் அடக்கிக்கிடுவேன்."

"அடக்கி வச்சு வேகமாப் போனா நுரைக்கும். தண்ணி குறைஞ்சாலும் நுரைக்கும். கிட்னி வழியாப் புரதம் ஒழுகினாலும் நுரைக்கும். கண்ணால பாத்துச் சொல்ல முடியாது, டெஸ்ட் எடுக்கணும்."

"அப்ப எனக்கு எது டாக்டர்?"

அவர் பதில் சொல்வதற்குள் முத்துக்கனி குறுக்கிட்டாள். "எனக்குந்தான் நுரைக்கி. நான் என்ன இவுக மாதிரி ஊரையா கூட்டுதேன்?"

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். காலை நீட்டச் சொல்லிக் கணுக்காலில் விரலை அழுத்தி எடுத்தார். அழுத்தின இடம் குழியாகவே நின்றது. ரத்த அழுத்தம் பார்த்தார். ரொம்பவே கூடுதல். இரண்டு பேருக்கும் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்.

பாண்டித்துரைக்கு ஒன்றுமில்லை. புரதம் ஒழுகியது முத்துக்கனிக்கு.

"பேரை மாத்திப் போட்டிருப்பாங்க டாக்டர். நோயாளி நாந்தான!" என்றார் பாண்டித்துரை.

"ஒரு தடவை பாத்து முடிவு பண்ண மாட்டோம்" என்று டாக்டர் வேறொரு நாள் காலைச் சிறுநீரைக் கொண்டுவரச் சொன்னார். மறுபடியும் அதே முடிவுதான். தான் பார்த்துப் பயந்த நுரை தன்னுடையதா, தனக்கு முன்னால் கக்கூஸ் போய்வந்த அவளுடையதா என்பதே இப்போது அவருக்கு விளங்கவில்லை. தப்பித்தோம் என்று மனம் ஒரு கணம் லேசானது. உடனே பக்கத்தில் இருந்தவளின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"எனக்குச் சர்க்கரை கூட இல்லையே. பெறகு எப்படி?" என்று கேட்டாள் முத்துக்கனி.

"பிரஷர் வெளிய தெரியாமலே கிட்னியக் கெடுக்கும். முட்டுவலிக்கு என்ன சாப்பிடுதீங்க?"

"மருந்துக்கடையில வாங்குத வலி மாத்திரைதான். தெனமும் போட்டாத்தான் நடக்க முடியும்."

அதுவும் கிட்னியைக் கெடுக்கும் என்று சொல்லி, அந்த மாத்திரையை அன்றோடு நிறுத்தச் சொன்னார் டாக்டர். பிரஷர் குறையவும் புரதம் ஒழுகுவது குறையவும் ஒரு மருந்து கொடுத்தார். கருவாடு, ஊறுகாய், அப்பளம் கூடாது, சமையலில் உப்பு பாதியாக வேண்டும். முட்டுவலிக்குப் பிசியோதெரபிக்கு அனுப்பினார். பாண்டித்துரையிடம், "நீங்க ஒழுங்காத் தண்ணி குடிங்க, அடக்காதீங்க. அது போதும்" என்றார்.

உப்புக் குறைந்த குழம்பை இருவரும் சாப்பிட்டுப் பழகினார்கள். சில மாதம் கழித்துப் பரிசோதித்தபோது கால் வீக்கம் வடிந்திருந்தது, பிரஷரும் இறங்கியிருந்தது. புரதம் குறைந்திருந்ததே தவிர நிற்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் நின்று முத்துக்கனி கேட்டாள். "இது நல்ல சேதியா, கெட்ட சேதியாங்க?"

பாண்டித்துரைக்கும் தெரியவில்லை. "குறைஞ்சிருக்குன்னு சொன்னாகல்லா. விடாம வரச் சொல்லியிருக்காக, வருவோம்" என்று சொல்லி, மருந்துப் பையை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு அவள் நடைக்கு ஏற்ப மெதுவாக நடந்தார்.