அம்முலுவின் பால்பல்

திருப்புலிவனம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத்தான் சொத்தைப் பல் ஜாஸ்தி என்று சுலோச்சனா டீச்சர் அடித்துச் சொன்னபோது, நர்ஸ் பயிற்சிப் பள்ளியில் யாரும் மறுக்கவில்லை; பல் முகாம் அங்கேயே என்று முடிவானது. சொத்தை எந்த ஊரில்தான் இல்லை? அவள் பெற்ற பெண் அம்முலு அங்கே இரண்டாம் வகுப்பு படித்தாள், அதுதான் சங்கதி.

புருஷன் செத்துப் போன கையோடு சுலோச்சனாவுக்கு நர்ஸ் படிப்பில் இடம் கிடைத்தது. ஹாஸ்டலில் கைக்குழந்தையைச் சேர்க்க மாட்டார்கள். பிள்ளையில்லாத அக்கா ஆதிலட்சுமி வாங்கிக்கொண்டாள். பெற்றவள் யார் என்று அம்முலுவுக்குச் சொல்லக்கூடாது என்று பேச்சு. படித்து முடித்து டீச்சரான பிறகும் சுலோச்சனா அந்தப் பேச்சைக் காப்பாற்றினாள்; அப்படியும், "நீ வந்து வந்து போனா கொயந்த ஏங்கிப் பூடுது" என்று அக்கா வாசலோடு பேசி அனுப்பிவிடுவாள். ஏங்கிப் போவது யார் என்று அக்காவுக்குத் தெரியாதா என்ன!

சத்துணவுக் கூடத்துப் பெஞ்சுகளைப் புங்கமரத்தடியில் இழுத்துப் போட்டு, நர்ஸ் மாணவிகள் டார்ச்சும் ஐஸ்குச்சியுமாக உட்கார்ந்தார்கள்.

"எடுத்த எடுப்புல வாயப் பாக்காதீங்கடி. மொதல்ல பேரு கேளுங்க, பயம் போவட்டும். செங்கல்தூள் வெச்சி தேய்ச்சேன்னு சொன்னா திட்டாதீங்க" என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டே சுலோச்சனா வரிசையைப் பார்த்தாள். அம்முலு, தேவகி என்ற மாணவியிடம் போய் நின்றாள்.

"தள்ளு தேவகி, இத நான் பாத்துக் காட்றேன்."

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்த முகம் அவளுடைய இரண்டு கைக்குள் இருந்தது. "ஆ காட்டு கண்ணு." ஒரு வாயைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? அவளுக்கு ஆகிக்கொண்டே இருந்தது. கீழ் முன்பல் ஒன்று ஆடியது. தொட்டதும் விரலோடு வந்துவிட்டது.

பல்லைப் போட தேவகி டெட்டால் கிண்ணத்தை நீட்டினாள், பாடம் அப்படித்தான். சுலோச்சனாவோ பல்லைப் பஞ்சில் சுற்றி முந்தானையில் முடியப் போனாள். வெட்கங்கெட்ட ஆசை.

"குடு சித்தி! சாணியில வெச்சி கூரை மேல போடணும்."

"நான் போடறனே?"

"ஐயே! பெத்தவங்க போட்டாத்தான் மொளைக்குமாம். எங்கம்மா சொல்லிக்கீது."

பெற்றவள் நான்தான் என்ற ஒரு வார்த்தை போதும். சுலோச்சனா அதை விழுங்கினாள். பஞ்சுப் பொட்டலத்தைக் குழந்தையின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள். அம்முலு வீட்டைப் பார்த்து ஓடினாள்.

"நெசமா டீச்சர்? பெத்தவங்க போடலன்னா மொளைக்காதா?" என்று தேவகி கேட்டாள். பாடம் என்று மற்றவர்களும் நிமிர்ந்தார்கள்.

"பொய்யிடி" என்றாள் சுலோச்சனா. "யார் போட்டாலும் மொளைக்கும்."